பழைய ஆட்டத்தின் புதிய பதிப்பு

பழைய கணிப்பொறிகளின் பாணியில் தனிமனிதர்கள் உருவாக்கும் சிறு வீடியோ விளையாட்டுகளைப் புதுப்பிப்பது, பெரிய நிறுவனங்களின் வியாபாரத்தோடு ஒப்பிட்டால் அற்ப விஷயமாகத் தோன்றலாமாயினும், ஒரு சிருஷ்டியில் எதைக் குறையென்று நீக்குவது, எதை லட்சணமென்று காப்பது என்ற பழைய வழக்கு இன்று மிகுந்த நிதானத்தோடு விசாரிக்கப்படுவது அந்தச் சிறிய உலகத்தில்தான் என்பது என் அபிப்பிராயம்.

அயர்லாந்துக்காரரான டெர்ரி காவனா 2010 ஜனவரியில் வெளியிட்ட ‘விவிவிவிவிவி’ என்ற விளையாட்டை உதாரணமாகக் கொள்ளலாம். (பெயரைக் கண்டு அச்சுப்பிழை என்று எண்ணிவிட வேண்டாம்.) அதன் நாயகனான கப்பல் தலைவனுக்குக் குதிக்கவே தெரியாது, பொத்தானை அழுத்தினால் ஈர்ப்புவிசை தலைகீழாகி அவன் கூரையில் போய் நிற்பான், மறுபடி அழுத்தினால் தரைக்கு வந்து சேருவான், இந்த ஒரே வித்தையைத் துணைக்கொண்டு, முட்கள் நிறைந்த அறைகளில் எண்ணற்ற தடவை மாண்டும், மாண்ட மறுகணமே உயிர்த்தும், சிதறிப்போன தன் சகாக்களைத் தேடிச் சேர்க்கவேண்டும். 1980களில் வீடுகளில் புழங்கிய கமடோர் 64 கணிப்பொறியின் சாயலில், சொற்ப வர்ணங்களும் கட்டம் கட்டமான உருவங்களும் கொண்ட அந்த எளிமை ஆசிரியர் தாமே விரும்பி ஏற்ற விரதம்.

இத்தகைய விளையாட்டைப் படைத்தவருக்கு விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், புதுப்பிக்கவேண்டிய நிர்ப்பந்தம் வெளியிலிருந்து வந்துவிடுகிறது. 2017-ல் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசி இயங்குதளமான ஐஓஎஸ் 11-ஐ வெளியிட்டு 32-பிட் செயலிகளைக் கைவிட்டது. அத்துடன் கைப்பேசியிலிருந்த எத்தனையோ சிறு விளையாட்டுகள் திறக்க முடியாதவையாயின. 2020 முடிவில் அடோபி நிறுவனம் தன் பிளாஷ் மென்பொருளுக்கு விடைகொடுத்தது. காவனாவின் ஆட்டமும் முதலில் பிளாஷில் எழுதப்பட்டதே. 2011-லேயே சைமன் ராத் என்ற நிரலாளர் அதைச் சி++ மொழிக்கு மாற்றியிருந்ததால் அந்த ஆபத்து அதைத் தீண்டவில்லை.

பத்தாம் ஆண்டு நிறைவன்று, 2020 ஜனவரியில், காவனா தம் மூல நிரலையே பகிரங்கப்படுத்தினார். ஆட்டத்தின் சம்பவங்களை எண்ணிட்டு ஒரே நீண்ட கிளைப்பட்டியலாக அடுக்கியிருந்ததைக் கண்டு சாஸ்திரம் கற்ற நிரலாளர் பலர் நகைத்தனர். ஆயினும் பிறர் பார்வைக்கு வைக்கக் கூசத்தக்க அந்த நிரலை அவர் வைத்ததனால்தான், ரசிகர்களே முன்வந்து அதைச் செப்பனிட வழி பிறந்தது. 2021-ல் வெளிவந்த 2.3 பதிப்பில் அசைவை மேலும் வழவழப்பாக்கும் வசதி சேர்ந்தது. பழைய பிழைகள் பல நீங்கின. 2024-ல் வந்த 2.4 பதிப்பு ஆசிரியரின் தாய்நாட்டு ஐரிஷ் உட்படப் பல மொழிகளில் ஆட்டத்தைத் தந்தது.

இங்கேதான் ரசமான சிக்கல் ஒன்று நேர்ந்தது. ஆட்டத்தை மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கப் போட்டியிடும் ‘ஸ்பீட்ரன்’ அன்பர்கள், அந்தப் பிழைகளையே குறுக்குவழிகளாகப் பல்லாண்டு பயின்றிருந்தார்கள். பிழை திருத்தப்பட்டால் அவர்கள் வித்தை வீண். ஆகவே, விரும்புவோர் பழைய பிழைகளை மீட்டுக்கொள்ளத் தனியே ஒரு விசையைத் திருத்தியவர்களே அமைத்துக் கொடுத்தார்கள். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், தாம் கொண்ட பாடத்தை மேலே அச்சிட்டு, பிற ஏடுகளில் கண்ட பாடபேதங்களையும் அடிக்குறிப்பில் காட்டிய நேர்மை எவ்வகையோ, இதுவும் அவ்வகையே.

பிழையிலே ஜீவன் குடிகொள்வது இத்துறையில் புதிதன்று. 1978-ல் ஜப்பானில் டொமோஹிரோ நிஷிகாடோ இயற்றிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தில், பகைவர் மடிய மடிய எஞ்சியோர் வேகம் கூடுவது, திரையில் வரையவேண்டிய உருவங்கள் குறைந்ததும் சிப்பின் சுமையும் குறைந்ததால் தானாக நேர்ந்தது. அவர் அதை அப்படியே விட்டுவைத்தார். மனம் பதைக்கவைக்கும் அந்த வேகமே ஆட்டத்தின் கீர்த்திக்குக் காரணமாயிற்று.

இதனால், பழையதைத் தொடவே கூடாது என்று நான் வாதிப்பதாகக் கொள்ளலாகாது. கை வேகம் குன்றியவர்களுக்காக ஆட்டத்தை மெதுவாக்கும் வசதியும், புதிய திரைக்கேற்ற அளவும் நியாயமானவை. அவற்றை எதிர்ப்பது வெறும் பிடிவாதம். பழையதைக் கையிலிருந்து பறித்துவிட்டுப் புதியதைத் திணிப்பதே தகாது. 2020-ல் பிளிசர்ட் நிறுவனம் ‘வார்கிராஃப்ட் 3’ ஆட்டத்தைப் புதுக்கியபோது, பழையதை முன்னரே காசு கொடுத்து வாங்கியவர்கள்மீதும் புதிய நிரலைச் சுமத்தி, தீராத அதிருப்தியைத் தேடிக்கொண்டது. பெரும் பொருள்வளம் உடைய நிறுவனத்துக்கு அமையாத விவேகம், கூலி எதுவும் பெறாத சில ரசிகர்களுக்கு அமைந்திருந்தது. தங்கள் ஆட்டத்தைப் புதுப்பிக்க எண்ணும் சிறு படைப்பாளிகள், புதியதை வெளியிடும் நாளில் பழைய பதிப்பையும் அதன் அருகிலேயே கிடைக்கும்படி வைத்துவிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.