கூடத்துக்குக் கோலம், அடுக்களைக்குக் கரியா?

இரவுச் சாப்பாடு முடிந்துவிட்டது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். கணவனும் மனைவியும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் கையில் கணக்கு நோட்டு. சீட்டுப் பணம் வந்திருக்கிறது.

"என்னங்க, இந்தச் சுவருக்கு இளம் பச்சை அடிச்சா எப்படி இருக்கும்?"

"பச்சை வேண்டாம், நீலம் அடிக்கலாம். அந்த மூலையிலே ஒரு கண்ணாடி அலமாரி. மேலே அலங்காரக் கூரை போட்டு உள்ளே விளக்கு வைப்போம். வர்றவங்க அசந்து போகணும்!"

இருவரும் சிரிக்கிறார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஓர் அறை பிறக்கிறது. ஜன்னலுக்குத் திரை வருகிறது. சுவரில் படம் ஏறுகிறது. மணி பதினொன்று ஆனதுகூடத் தெரியவில்லை!

காசு செலவில்லாத இன்பம் இது. சொந்த வீடு உள்ளவர்களும் இப்படிக் கனவு காண்கிறார்கள்; பத்துக்குப் பத்து அறையில் வாடகைக்கு இருப்பவர்களும் காண்கிறார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை. நாளை இன்னும் நன்றாக வாழவேண்டும் என்ற ஆசைதான் இந்தக் கனவு. அந்த ஆசை இல்லாத வீடு வெறும் சுவர்தான்.

ஆனால் ஒரு கேள்வி. அந்தக் கனவில் வந்தது எந்த அறை? கூடம்! பத்து வீட்டில் கேட்டாலும் பெரும்பாலும் இதே பதில்தான் வரும்.

யாருக்காக அலங்காரம்?

விருந்தாளி மாதம் ஒரு முறை வருகிறார். அரை மணி நேரம் உட்காருகிறார். காபி குடிக்கிறார். "வீடு நல்லா இருக்கு" என்கிறார். போய்விடுகிறார். அந்த ஒரு வார்த்தைக்காகச் சீட்டுப் பணம் கரைகிறது. சில வீடுகளில் நகை கூட அடகுக் கடைக்குப் போகிறது.

அதே வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். சமையல் அறையில் மங்கலான ஒரே ஒரு விளக்கு. அதுவும் அடுப்பில் நிற்பவளின் முதுகுக்குப் பின்னால்! நறுக்கும் காயின் மீது அவள் நிழலே விழுகிறது. தாளிக்கும் புகை வெளியே போக வழி இல்லை. பருப்பு டப்பாவை எடுக்க எம்பவேண்டும். பாத்திரம் எடுக்கக் குனியவேண்டும்.

அங்கே எவ்வளவு நேரம் போகிறது தெரியுமா? 2019-ம் ஆண்டு மத்திய அரசு நாடு முழுவதும் ஒரு கணக்கு எடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாள் ஒன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள் என்று அதில் தெரிந்தது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! அந்த வேலையில் கைகொடுக்கும் ஆண்களுக்கு 97 நிமிடங்கள்தான்.

அரை மணி நேரம் வந்து போகிறவருக்கு மினுமினுக்கும் கூடம். தினமும் ஐந்து மணி நேரம் உழைப்பவளுக்குக் கரி படிந்த சுவர். இது என்ன நியாயம்?

வழி காட்டிய பெண்

ஆஸ்திரியா நாட்டில் 1897-ம் ஆண்டு பிறந்தவர் மார்கரெட் ஷுட்டே-லிகோட்ஸ்கி. பெண்கள் கட்டிடக் கலை படிப்பதே அரிதாக இருந்த காலத்தில் அதைப் படித்தவர். 1926-ம் ஆண்டில், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் கட்டப்பட்ட குடியிருப்புகளுக்காக ஒரு சமையல் அறையை வரைந்தார்.

அவர் முதலில் பார்த்தது சுவரின் நிறத்தை அல்ல. வேலை செய்யும் பெண்ணின் கால்களை! அடுப்புக்கும் தொட்டிக்கும் அலமாரிக்கும் நடுவே அவள் எத்தனை அடி நடக்கிறாள், எவ்வளவு நேரம் வீணாகிறது என்று கணக்குப் பார்த்தார். ரெயில் வண்டியின் சமையல் பெட்டியையும் முன்மாதிரியாகக் கொண்டார்.

அறை மிகச் சிறியது. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ஆனால் நறுக்கும் மேஜை ஜன்னல் ஓரத்தில் இருந்தது. உட்கார்ந்து வேலை செய்யச் சுழலும் நாற்காலி இருந்தது. விளக்கை வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். சுமார் 10,000 வீடுகளில் இந்தச் சமையல் அறை அமைக்கப்பட்டது. இன்று உலகெங்கும் உள்ள நவீனச் சமையல் அறைகளுக்கு அதுவே முன்னோடி.

நம் ஊரிலும் இந்த அறிவு இருந்தது. செட்டிநாட்டு வீடுகளை எல்லோரும் தூணுக்காகவும் ஆத்தங்குடித் தளத்துக்காகவும் புகழ்கிறார்கள். ஆனால் அந்த வீடுகளின் பின்கட்டிலும் ஒரு முற்றம் உண்டு. வெளிச்சமும் காற்றும் அங்கேயும் இறங்கின. முன்பக்கத்து அழகை மட்டும் நாம் படம் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்து முற்றத்தை மறந்துவிட்டோம்!

குறைந்த செலவு, நிறைந்த பயன்

பெரிய பணம் தேவை இல்லை. அடுப்புக்கு மேலே, கண்ணுக்கு முன்னால் ஒரு விளக்கு மாட்டுங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது. தினம் 5 மணி நேரம் எரிந்தால் பழைய பல்புக்கு 30 நாளில் 9 யூனிட், புதியதற்கு 1.35 யூனிட்தான்.

சுவருக்கு வெள்ளை அல்லது இளம் நிறம் அடியுங்கள். இருண்ட நிறம் வெளிச்சத்தை விழுங்கும். வெள்ளை அதைத் திருப்பித் தரும். சின்ன அறையும் பெரிதாகத் தோன்றும்.

அடிக்கடி எடுக்கும் பொருளை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தட்டில் வையுங்கள். இதற்குக் காசே வேண்டாம். புகை போக ஒரு விசிறி வையுங்கள். குளியல் அறையில் வழுக்காத தளமும், பாட்டி பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் போடுங்கள். படிக்கும் பிள்ளைக்கு ஜன்னல் ஓரத்தை ஒதுக்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதன் தூள் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வீட்டுப் பெயின்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்ற விதி 2017-ம் ஆண்டு நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய பெயின்டை உலர்வாகச் சுரண்டாதீர்கள். ஈரப்படுத்திச் சுரண்டுங்கள். அந்த நேரத்தில் குழந்தைகளை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

வாடகை வீடா? ஆணி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டாரா? விளக்கையும் தட்டையும் இடம் மாற்ற யார் சம்மதமும் வேண்டாமே!

கவுரவம் என்ன ஆகும்?

"பெண் பார்க்க வருகிறார்கள். சம்பந்தி வருகிறார். கூடம் நன்றாக இருந்தால்தானே மதிப்பு?" என்று சிலர் கேட்பார்கள்.

கேள்வி சரிதான். கூடத்தை யாரும் குப்பையாகப் போடச் சொல்லவில்லை. நன்றாகக் கூட்டித் துடைத்த தரை, ஒரு பத்தமடைப் பாய், பழைய சுங்குடிச் சேலையில் தைத்த திரை, ஒரு செடி. இவை போதும், கூடம் சிரிக்கும்! அழகுக்கு வேண்டியது பெரிய பணம் அல்ல. சுத்தமும் கொஞ்சம் ரசனையும்தான். மிஞ்சும் பணம் பின்பக்கம் போகட்டும்.

இன்னும் சந்தேகப்படும் ஆண்கள் ஒரு காரியம் செய்யலாம். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைக் காபி முதல் மதியச் சாப்பாடு வரை அந்த அடுப்பின் முன்னால் நின்று சமைத்துப் பார்க்கட்டும். எந்த அறையை முதலில் மாற்றவேண்டும் என்று யாரும் எடுத்துச் சொல்லத் தேவை இருக்காது. வியர்வையே சொல்லிவிடும்!

கனவு காணுங்கள். தாராளமாகக் காணுங்கள். ஆனால் கூடத்தில் ஆரம்பிக்காமல் அடுக்களையில் ஆரம்பியுங்கள். இன்று இரவு கணக்கு நோட்டை எடுக்கும்போது, "உனக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று மனைவியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேட்டுவிட்டு, பென்சிலை அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.