கூடமும் கோணலாக இருக்கலாம்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒருவர் வாயை அடைக்க இதைவிடச் சுலபமான பழமொழி தமிழில் இருக்கிறதா தெரியவில்லை. குறை சொன்னவரைத் திறமை இல்லாதவராக்கிவிட்டால் போதும், கூடத்தை யாரும் அளந்து பார்க்கவே வேண்டாம். சொன்னவள் பெண் என்பது இன்னும் வசதி. இந்தப் பழமொழியோடு எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. அதைத் தீர்க்க நான் தேர்ந்தெடுத்திருக்கும் இடம் கொஞ்சம் விநோதமானது: ரைஃபிளின் முதுகில் தொலைநோக்கி பொருத்தும் வேலை.

"இலக்கியப் பத்திரிகையில் துப்பாக்கியா?" என்று முகம் சுளிக்காதீர்கள். எனக்குத் துப்பாக்கி மீது மோகம் எதுவும் இல்லை. ஆனால் கோணல் எங்கே இருக்கிறது, ஆளிடமா கருவியிலா, என்ற கேள்வியை இவ்வளவு துல்லியமாக அளந்து சொல்லக்கூடிய தொழில்கள் குறைவு. அளந்து சொல்ல முடிந்த இடத்திலேயே நாம் ஆளைத்தான் குற்றம் சொல்கிறோம் என்றால், அளக்க முடியாத இடங்களில் என்ன செய்வோம்?

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். ரைஃபிளின் குழல் திருகி நிற்பதும், போல்ட் முன்னும் பின்னும் ஓடுவதும் ஒரே இரும்புக் கூட்டில். அதற்குப் பெயர் ரிசீவர். ஸ்கோப்பை அதன் மேல் அப்படியே வைக்க முடியாது, நடுவில் ஒரு தாங்கி வேண்டும். அதுதான் மவுண்ட். ரிசீவரில் துளை போட்டு, மரை வெட்டி, மவுண்டைத் திருகி, அதன் வளையங்களுக்குள் ஸ்கோப்பை இறுக்குவார்கள். கடையில் பெட்டியோடு வரும் மவுண்ட் ஒரு நம்பிக்கையில் செய்யப்பட்டது: துளைகள் குழலின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே ஒரே வரிசையில் இருக்கும் என்ற நம்பிக்கை. பல துப்பாக்கிகளில் இருக்கும். சிலதில் இருக்காது, முக்கியமாக ஸ்கோப்பை மனதில் வைத்துச் செய்யப்படாத பழைய ராணுவத் துப்பாக்கிகளில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மாஸர், ஸ்பிரிங்ஃபீல்ட், லீ-என்ஃபீல்ட் என்று அமெரிக்கச் சந்தையில் மலைமலையாக வந்து குவிந்தன. வேட்டைக்காரர்கள் மலிவாக வாங்கினார்கள், கிடைத்த பட்டறையில் கொடுத்துத் துளை போட்டுக்கொண்டார்கள். டிரில் நழுவிய துளைகள் இன்றும் அந்த இரும்பில் இருக்கின்றன.

"நழுவினா என்ன, மயிரிழைதானே?" கணக்குப் போடுவோம். முன் துளைக்கும் பின் துளைக்கும் நடுவே 120 மில்லிமீட்டர் என்று வையுங்கள். பின் துளை 0.3 மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகியிருக்கிறது. மூன்று காகிதத்தை அடுக்கினால் வரும் கனம், அவ்வளவுதான். 100 மீட்டர் தள்ளி அந்த மூன்று காகிதம் 25 சென்டிமீட்டர் ஆகிவிடும். மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியே சுமார் 20 சென்டிமீட்டர் அகலம்தான்.

இந்த நிலையில் சுட்டவனுக்குக் கிடைக்கும் முதல் பதில், "துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் கை நடுங்குது." கூடம் கோணலில்லை, நீதான்.

இந்தப் பதில் பல நேரம் உண்மை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். விசையை இழுக்கும்போது தோள் பயந்து சுருங்குவது சுடுபவர்களின் பழைய வியாதி. ஆனால் உண்மையா இல்லையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறதே! ஸ்கோப்பின் திருகுகளை நடுவில் வையுங்கள். துப்பாக்கியை மணல் மூட்டையில் கிடத்தி ஐந்து தோட்டா சுடுங்கள். ஐந்தும் அட்டை முழுக்கச் சிதறினால் கையையோ தோட்டாவையோ தளர்ந்த திருகையோ சந்தேகப்படலாம். ஐந்தும் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்து, அந்த இடம் நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தால்? நடுங்குகிற கை ஐந்து முறையும் ஒரே மாதிரி நடுங்காது. சிதறல் வேறு, விலகல் வேறு. ஐந்து முறை ஒரே இடத்தில் தவறுகிறவனைத் திட்டுவதை நிறுத்திவிட்டு அளவுகோலை எடுங்கள்.

அடுத்த பதில் இன்னும் நைச்சியமானது. "அட, ரெண்டு திருகு திருகுனா சரியாயிடும்." ஸ்கோப்பின் பக்கவாட்டுக் குமிழைத் திருகிக் குறுக்குக்கோட்டை நகர்த்தினால், விலகிய 25 சென்டிமீட்டரும் மறைந்துவிடும். அட்டையில் தோட்டா நடுவில் விழும். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கோணல் போகவில்லை, அதற்கு ஏற்ற மாதிரி பார்வையைக் கோணலாக்கியிருக்கிறோம். ஸ்கோப்பின் உள்ளே இருப்பது ஒரு சின்னக் குழாய். ஒரு பக்கம் திருகும் மறுபக்கம் வில்லும் அதைப் பிடித்திருக்கும். பக்கவாட்டில் அதை ஓரத்துக்குத் தள்ளினால் மேலும் கீழும் நகரவும் இடம் குறைந்துவிடும். தூரத்து இலக்குக்கு உயர்த்த வேண்டிய நாளில் குமிழ் பாதியில் நின்றுவிடும். இரண்டு வளையங்களும் நேர்கோட்டில் இல்லாததால் ஸ்கோப்பின் உடலே முறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வெடிக்கும் அந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். பயிற்சி மைதானத்தில் சரியாக இருந்தது காட்டில் சரியாக இருக்காது. வயிற்றில் தோட்டா வாங்கிய மான் உடனே சாவதில்லை, புதருக்குள் ஓடி மணிக்கணக்கில் சாகும். வேட்டை சரியா தப்பா என்பது வேறு விவாதம். அந்த மணிக்கணக்குக்கு மட்டும் "ரெண்டு திருகு" சொன்னவரும் பொறுப்பு.

மூன்றாவது பதில் வீரர்களுடையது: பழைய துளை கோணலா, பக்கத்திலேயே புதுசா ஒன்று போடு. ஐயா, ரிசீவர் வெறும் இரும்புச் சட்டம் இல்லை. .30-06 தோட்டா வெடிக்கும்போது அழுத்தம் 60,000 பிஎஸ்ஐ வரை போகலாம். மாஸர் வகை ரைஃபிள்களில் போல்ட்டின் பற்கள் அந்த அழுத்தத்தைத் தாங்கிப் பூட்டிக்கொள்ளும் வளையத்தின் மேல்தான் முன் துளை வருகிறது. அதன் பின்னால் சுடுபவரின் கண் இருக்கிறது. ஒரு கோணலை மறைக்க இன்னொரு ஓட்டை போடும் இடம் அதுவல்ல.

நான் சொல்வது நான்காவது வழி. ரிசீவரைத் தொடாதே, ஸ்கோப்பை முறுக்காதே. கோணலை அளந்து, அந்தக் கோணலுக்கென்றே ஒரு மவுண்ட் செய். அளக்கும்போது ரிசீவரின் வெளிப்புறத்தை நம்பக்கூடாது, தோட்டா வெளிப்புறத்தில் ஓடுவதில்லை. போல்ட்டைக் கழற்றிக் குழல் வழியாகத் தூரத்துப் புள்ளி ஒன்றைப் பார்க்க வேண்டும். ஸ்கோப்பும் திருகு நடுவில் இருக்கும்போது அதே புள்ளியைப் பார்க்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அடிப்பாகத்தைக் கொஞ்சம் பெரிதாகவே கடைந்து, ரிசீவரில் பிரஷ்யன் ப்ளூ தடவி, மவுண்டை ஒட்டிப் பார்த்து, நீலம் ஒட்டிய மேட்டை மட்டும் அரத்தால் எடுக்க வேண்டும். மறுபடி தடவு, மறுபடி ஒட்டு, மறுபடி எடு. ஃபிட்டர் வேலை தெரிந்தவர்களுக்கு இந்தப் பொறுமை புரியும். அடிப்பாகம் முழுசாக உட்கார்ந்த பிறகு, துளை எவ்வளவு விலகியதோ அவ்வளவு எதிர்ப்பக்கம் தள்ளி வளையங்களின் அச்சைக் கடைய வேண்டும். பார்க்கிறவர்களுக்கு மவுண்ட் கோணலாகத் தெரியலாம். பார்வை நேராக இருக்கும்.

"பணக்கார வெறியர்கள் வேலை" என்பார்கள். இரண்டாம் உலகப் போரின் நடுவில் பிரிட்டிஷ் அரசு என்ன செய்தது தெரியுமா? நன்றாகச் சுடும் லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 ரைஃபிள்களைப் பொறுக்கியெடுத்து, லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் பட்டறைக்கு அனுப்பியது. பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக முதலில் வடிவமைத்த நம்பர் 32 ஸ்கோப்பை அங்கே ஒவ்வொன்றிலும் பொருத்தினார்கள். அப்படி 20,000-க்கும் மேல். ஒவ்வொரு தாங்கியிலும் அந்த ரைஃபிளின் எண், மரக்கட்டையின் கழுத்தில் அந்த ஸ்கோப்பின் எண். இதை எடுத்து அதில் மாட்டாதே என்று அர்த்தம். எல்லாமே ஒன்றுபோல ஆயிரக்கணக்கில் உற்பத்தியான ஒரு போரில், இந்த ஒரு மூட்டை மட்டும் அவர்கள் பொதுவானது என்று நம்பவில்லை. அந்த ரைஃபிள்களில் பல 1970 வாக்கில் குழல் மாற்றப்பட்டு எல்42 என்ற பெயரில் தொடர்ந்தன. 1982-இல் ஃபாக்லாந்துப் போரிலும் அவை இருந்தன.

இதற்கு நேர் எதிர் உதாரணம் ஒன்றும் உண்டு. 1963-இல் கென்னடி கொலையில் பிடிபட்ட கார்கானோ ரைஃபிள், ஸ்கோப்போடு சேர்த்து 19.95 டாலருக்குத் தபாலில் விற்கப்பட்டது. அதைச் சோதித்த எஃப்பிஐ நிபுணருக்குத் தோட்டாக்கள் சில அங்குலம் மேலேயும் வலப்பக்கமும் போயின. அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் சுட்டுப் பார்ப்பதற்கு முன், ஸ்கோப்புக்கு அடியில் உலோகச் சிம்கள் வைக்க வேண்டியிருந்தது. கொலைக்கு முன்னால் ஸ்கோப் எப்படி நின்றது என்பதை அந்தச் சோதனைகள் சொல்லவில்லை. "அவனால் முடிந்திருக்குமா?" என்று சுட்டவனின் திறமையைப் பற்றி உலகம் அறுபது வருஷமாகச் சண்டை போடுகிறது. அந்த ஆய்வுக்கூடத்துக்காரர்கள் சண்டைக்குப் போகவில்லை. எவ்வளவு விலகல் என்று பார்த்தார்கள், அதற்கேற்ற தகட்டை வைத்தார்கள், சுட்டார்கள்.

செலவு ஆகும், ஆமாம். 19.95 டாலர் துப்பாக்கிக்கு இருநூறு டாலர் மவுண்டா என்று கேட்பது நியாயமான கேள்விதான். அப்படியானால் அதில் ஸ்கோப் வேண்டாம். அதோடு வந்த இரும்புக் குறியை வைத்துப் பக்கத்தில் போய்ச் சுடட்டும், இல்லை சுடாமலே இருக்கட்டும். மலிவாக முடிக்கிறேன் என்று கோணலை உள்ளே தள்ளி மூடிவிட்டு, தவறும்போது மட்டும் ஆளைத் திட்டுகிற உரிமை யாருக்கும் கிடையாது.

ஆடத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அதைச் சொல்ல வருகிறவர் கையில் முதலில் நூலும் ரசமட்டமும் இருக்க வேண்டும். கூடத்தை அளந்துவிட்டு வந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசுங்கள்.