நெருப்புக்கு நீர், நீருக்குப் புல்

நல்லூரிலிருந்து அன்பரொருவர் எமக்கு நீண்ட கடிதமொன்று வரைந்துள்ளார். அவர்தம் புதல்வன் பத்தாந் தரத்திற் பயில்கின்றானாம். சூரபன்மன் பெற்ற வரங்கள் எவை என்று கேட்டால் வாய் திறவான். கைத்தொலைபேசியில் ஆடும் ‘போக்கிமான்’ என்ற விளையாட்டில் எந்தப் பிராணி எதற்குத் தோற்கும் என்று கேட்டாலோ, பதினெட்டு வகைகளையும் மூச்சு விடாமல் ஒப்புவிப்பான். “கந்தபுராணம் கேட்டு வளர்ந்த ஊரிலே இப்படியும் ஒரு தலைமுறை தோன்றலாமா? இதனைக் கண்டித்துத் தங்கள் பகுதியில் எழுதுக” என்று கடிதம் முடிகின்றது.

கண்டிப்பதற்கு நாம் ஆயத்தமாகவே இருந்தோம். ஆயினும், ஒன்றைக் கண்டிக்குமுன் அஃது இன்னதென அறிந்துகொள்வது முறையல்லவா? ஆகவே, அவ்விளையாட்டின் இலக்கணம் கற்ற இளைஞர் இருவரை அழைத்து, ஒரு மாலைப்பொழுது முழுவதும் பாடங் கேட்டோம். கேட்டு எழுந்தபோது, அன்பர் விரும்பிய கட்டுரையை எழுத எமக்கு மனம் வரவில்லை.

விளையாட்டின் வரலாறு சுருக்கமானது. யப்பான் தேசத்திலே, சிறு வயதிற் பூச்சி பிடித்துச் சேர்ப்பதிற் பித்துக் கொண்டிருந்த சத்தோஷி தஜிரி என்பவர், வளர்ந்தபின் தம் நண்பர்களோடு கூடி ஆக்கியது அது. நின்டெண்டோ நிறுவனத்தின் ‘கேம் பாய்’ என்னுங் கையடக்கக் கருவிக்காக 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் திகதி வெளிவந்தது. காட்டிலும் கடலிலும் திரியும் விந்தைப் பிராணிகளைப் பிடித்துப் பழக்கி, பிறருடைய பிராணிகளோடு பொருதவிடுவதே ஆட்டம். ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு வகை உண்டு, சிலவற்றுக்கு இரண்டு. அவை தொடுக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு வகை உண்டு. எவ்வகை அடி எவ்வகைப் பிராணியிற் பட்டால் யாது விளையும் என்பதை ஓர் அட்டவணை வரையறுக்கின்றது. நெருப்பு புல்லை எரிக்கும். புல் நீரை உறிஞ்சும். நீர் நெருப்பை அவிக்கும். இம்மூன்றும் ஆட்டத்தின் அரிச்சுவடி. தொடக்கத்திலேயே இவற்றுள் ஒரு பிராணியைத் தெரிந்தெடுக்கும்படி பிள்ளையிடம் கேட்பார்கள். எதை எடுத்தாலும் மற்ற இரண்டில் ஒன்றை வெல்லலாம், ஒன்றுக்குத் தோற்கவே வேண்டும்.

அரிச்சுவடியைக் கடந்தால் இலக்கணம் விரிகின்றது. முதலில் இருந்தவை 15 வகைகள்; இன்று 18. பதினெட்டைப் பதினெட்டாற் பெருக்க 324 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அடியின் வலிமை இரட்டிக்கும், அல்லது பாதியாகும், அல்லது பூச்சியமாகும், அல்லது உள்ளபடியே நிற்கும். இவற்றைப் பிள்ளைகள் எவ்வாறு மனத்திற் கொள்கின்றனர் என்று வினவினோம். பாதிக்கு மேல் உலக இயற்கையே சொல்லிக் கொடுத்துவிடுகின்றது என்றனர். மின்சார அடி நில வகைப் பிராணியை ஒன்றுஞ் செய்யாது. வீட்டுக்கு மின்னிணைப்பு எடுக்கையில் நிலத்திற் புதைக்கும் ஏர்த் கம்பியைக் கண்டவனுக்கு இது புதிதன்று. பாறையை நீர் வெல்லும் என்பது கருங்கல் மலைகளுக்கிடையே வாழ்வோர்க்கு ஒருவேளை வியப்பாகலாம். சுண்ணாம்புக் கல்லின்மேல் வாழும் நமக்கு அதில் என்ன வியப்பு? நீர் அக்கல்லை ஊழிக்கணக்காகக் கரைத்ததன்றோ புத்தூர் நிலாவரைக் கிணறாய் நிற்கின்றது!

ஆனால், மனோசக்தி வகையைப் பூச்சி வகை வெல்லும் என்றபோது எமக்கு ஐயம் எழுந்தது. எம் ஆசிரியர் இருவரும் இதற்குக் கூறிய காரணங்கள் ஒன்றோடொன்று முரணின. நுளம்பொன்று காதருகே ரீங்காரஞ் செய்தால் எந்த யோகியின் தியானமும் கலையும் என்பது நாமே கண்ட உரை. இதற்கு ஆதாரம் கேட்டு எவரும் எழுத வேண்டாம்.

இரு வகை கலந்த பிராணியாயின் இரண்டு கட்டங்களையும் பெருக்கிக்கொள்ள வேண்டும். ‘கயரடோஸ்’ என்றொரு கடற் பிராணி. அது நீர் வகை, பறக்கும் வகை இரண்டுமாம். மின்சாரம் இரண்டையும் இரட்டிப்பாய்த் தாக்குவதால், ஓரடி நான்கடியாகின்றது. புல் வகை அடியோ நீரை இரட்டிப்பாய்த் தாக்கினும், பறப்பவற்றைப் பாதியாகவே தாக்கும். இரண்டும் பெருக ஒன்றாகி, ஊதியமும் நட்டமும் இல்லை. இனி, ‘ஸ்வாம்பர்ட்’ என்பது நீரும் நிலமும் கலந்தது. நீர் என்ற அளவில் மின்சாரத்துக்கு அஞ்ச வேண்டியது. நிலம் கலந்தமையால் அதே மின்சாரம் பூச்சியமாகிவிடுகின்றது. எதைப் பூச்சியத்தாற் பெருக்கினாலும் பூச்சியமே என்பதை இதைவிடத் தெளிவாக விளங்கவைத்த பாடப்புத்தகம் எம் கண்ணிற் படவில்லை. ஆயின், அதே பிராணிமேற் புல் வகை அடி பட்டால் நாலு மடங்கு. ஒரு கலப்புத் தந்த கவசத்தை மற்றொரு பக்கத்திலே அக்கலப்பே கழற்றிவிடுகின்றது.

இவ்வளவும் கணக்கு. இதற்குமேல் ஒரு கதையுண்டு. எமக்குச் சுவைத்தது அதுவே.

1996ஆம் ஆண்டின் முதல் ஆட்டத்திலே மனோசக்தி வகைக்குச் சரியான எதிரியே இல்லாது போயிற்று. பூச்சி வெல்லும் என்று அட்டவணை சொல்லியது மெய்யே. எனினும், பூச்சி வகை அடிகள் மிக மெலிந்தவை. பூச்சிகளிற் பலவோ நஞ்சு வகையும் கலந்தவை. நஞ்சு மனோசக்திக்குத் தோற்கும். வெல்லப் புறப்பட்டதே இரையாகும் நிலை! பேய் வகை மனோசக்தியைத் தாக்கவேண்டியிருக்க, அவ்வாட்டத்திற் பேயின் அடி பூச்சியமாக அமைந்துவிட்டது. கணக்கெழுதியதில் நேர்ந்த பிழையென்றே ஆடுவோர் பலரும் கொள்வர். அன்றியும், அவ்வாட்டத்திலிருந்த பேய்களும் நஞ்சு கலந்தவையே. எனவே, நல்ல மனோசக்திப் பிராணி ஒன்றைக் கைக்கொண்டவன் மற்றவர்களை அலட்சியமாக வென்றான். அறிவுக்கு அங்கு வேலையில்லை.

ஆக்கியோர் இதனைத் திருத்திய முறை கவனிக்கத்தக்கது. மனோசக்தியின் பலத்தைக் குறைத்து எழுதுவதோடு அவர்கள் அமையவில்லை. 1999ஆம் ஆண்டு வெளிவந்த அடுத்த ஆட்டத்தில் இருள், உருக்கு என்னும் இரண்டு புதிய வகைகளைப் படைத்தனர். மனோசக்தி இருளை ஒன்றுஞ் செய்ய இயலாது. உருக்கின்மேற் பாதியாகவே செல்லும். பேயின் பூச்சியத்தையும் திருத்தினர். பின்னர் டிராகன் வகை மிஞ்சி நின்றபோது, 2013இல் தேவதை வகை தோன்றிற்று. டிராகனின் அடி அதன்மேற் பூச்சியம்.

இனி அன்பரின் கடிதத்துக்கு வருவோம். புராணங்களிலே வரம் என்பது யாது? இன்ன இன்னவற்றால் எனக்கு அழிவு வரலாகாது என்று கேட்டு வாங்கும் அட்டவணையன்றோ? இரணியன் அதனைப் பூச்சியங்களால் நிரப்பினான். மனிதனாலும் ஆகாது, விலங்காலும் ஆகாது; பகலிலும் ஆகாது, இரவிலும் ஆகாது; உள்ளும் ஆகாது, புறமும் ஆகாது. கட்டங்களின் இடுக்கிலே அந்திப்பொழுதும் வாயிற்படியும் நரசிங்கமும் இருந்தமையை அவன் எண்ணவில்லை. இராவணன் மனிதரைக் கட்டத்திற் சேர்க்கவே மறந்தான். பொருட்படுத்தவில்லை என்பது பொருத்தம். மகிடன் பெண்ணை எண்ணவில்லை. இக்கதைகளைக் கேட்கும்போது நம் முன்னோர் அடைந்த இன்பத்திற் பாதி, அந்த இடுக்கைத் தேடுவதில் இருந்தது. நல்லூர்ப் பையன் அட்டவணையை வைத்துக்கொண்டு தேடுவதும் அந்த இடுக்கைத்தான்.

போர்க்களத்து அத்திரங்களும் இவ்விலக்கணத்தையே பேசுகின்றன. ஆக்கினேயத்துக்கு வாருணம், நாகத்துக்குக் கருடன். காண்டவ வனம் எரிந்தபோது இந்திரன் பொழிந்த மழையை அருச்சுனன் வாயவியத்தாற் கலைத்தான். அசுவத்தாமன் விட்ட நாராயணாத்திரம், படைக்கலத்தைக் கீழே வைத்தவனை ஒன்றுஞ் செய்யாது. வைக்க மறுத்த வீமன்மேலேதான் பாய்ந்தது. கந்தபுராணத்திலோ பானுகோபன் மோகப்படையை ஏவி வீரவாகு தேவரையும் சேனையையும் மயங்க வீழ்த்த, முருகப்பெருமான் அமோகப்படையை விடுத்து அம்மயக்கத்தைத் தீர்த்தருளினார். பெயரிலேயே எதிரியின் கட்டம் எழுதப்பட்டிருக்கின்றது.

சூரபன்மனின் வரம் ஏனையோர் வரங்களைப் போன்றதன்று. ஆயிரத்தெட்டு அண்டங்களையும் நூற்றெட்டு யுகம் ஆளும் வரம் பெற்றான். சிவபெருமானின் சத்தியன்றி வேறெதனாலும் வெல்லப்படாமையும் பெற்றான். இங்கே மறந்துபோன கட்டம் எதுவுமில்லை. தேவர் எத்தனை பேர் கூடினாலும் பயனில்லை. உள்ள வகைகளுள் எதிரியே இல்லாதவன் ஒருவன் தோன்றியபோது உலகம் எப்படிச் சீர்குலையும் என்பதைக் கச்சியப்ப சிவாசாரியார் விரித்தவாற்றை நாம் கேட்டிருக்கின்றோம். தீர்வும், அதுவரை இல்லாத ஒன்று தோன்றுவதாகவே அமைந்தது. நெற்றிக் கண்ணிலிருந்து ஆறு பொறிகள் தோன்றின.

இவ்விடத்தில் இரண்டும் பிரிகின்றன என்பதையும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் பழையதெல்லாம் நம்மிடம் முன்னரே உண்டு என்று மார்தட்டும் கூட்டத்தில் எம்மையும் சேர்த்துவிடுவர். யப்பானியர் படைத்த இருளுக்கும் எதிரி உண்டு. உருக்கை நெருப்பு உருக்கும். எதிரியில்லாத எதனையும் அவ்வட்டவணை நெடுநாள் பொறுப்பதில்லை. வேலுக்கோ எதிரில்லை. ஆட்டத்தில் ஒரு வேலை வைத்தால் அன்றே ஆட்டம் முடிந்துவிடும்; கந்தபுராணத்திலிருந்து வேலை நீக்கினால் சூரனின் ஆட்சிக்கு முடிவே இராது. மூலத்தானத்தில் வேலையே வைத்து வழிபடும் நல்லூரிலே பிறந்த பிள்ளைக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். சொல்வார் வேண்டும்.

எமது கவலை அதுபற்றியதே. யாழ்ப்பாணத்தின் வாழ்வைக் ‘கந்தபுராண கலாசாரம்’ என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் குறித்தார்கள். கோயில் மண்டபத்திலே ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊர் அமர்ந்து கேட்ட கலாசாரம் அது. இன்று படனம் நடக்கும் இடங்களில் எம்மோடு அமர்ந்திருப்போர் பெரும்பாலும் நரைத்த தலையினர். பிள்ளைகள் ரியூசனில் இருக்கின்றனர். ஓய்ந்த நேரத்திற் கைத்தொலைபேசியில் இருக்கின்றனர். அத்திரத்துக்கு எதிரத்திரம் யாது, வரத்தில் விடுபட்டது யாது என்று இமைப்பொழுதிற் கணக்கிடப் பழகிய செவிகள் இவை. யுத்த காண்டத்துக்கு இவர்களிலும் மேலான கேள்வியாளர் எங்கே கிடைப்பர்? அன்பர் மகனிடமிருந்து தொலைபேசியைப் பறிப்பதற்குப் பதிலாக, பானுகோபன் போர் வாசிக்கும் நாளில் அவனைப் பயன் சொல்பவருக்கு அருகே இருத்திப் பார்க்கட்டும். மோகப்படை பாய்ந்தவிடத்து வாசிப்பைச் சற்றே நிறுத்தி, “இதற்கு எதிர் என்ன?” என்று பயன் சொல்பவர் அவனை ஒரு கேள்வி கேட்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. போக்கிமான் ஆட்டத்தில் ஒரு பிராணியை அடியோடு வீழ்த்திவிட்டால், பிறகு அதைப் பிடிக்க முடியாது. அதன் வலி குறைந்து, ஆனால் உயிர்ப்பு மிஞ்சியிருக்கையிலேயே பிடிக்கவேண்டும். ஆகையாற் பிடிக்க விரும்புகிறவன் இரட்டிக்கும் அடியைத் தவிர்த்துவிட்டு, வேண்டுமென்றே பாதியாகும் அடியைத் தேடி எடுப்பானாம். பலவீனத்தை அறிந்தவனே அவ்விடத்தில் அடிக்காமலும் இருக்கமுடியும். எம் இளம் ஆசிரியர்கள் இதனைச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்; நாம் மறக்கருணை என்ற சொல்லை நினைத்துக்கொண்டோம்.

சென்ற ஐப்பசியிலே சூரன் போர் பார்க்கச் சென்றிருந்தோம். யானைமுகமும் சிங்கமுகமும் மாறி, சூரன் மாங்கொப்புகளோடு நின்ற சமயம். எமக்கு முன்னால் ஒரு முதியவர், தோள்மட்டத்துக்கு வளர்ந்த பேரனோடு நின்றார்.

“அப்பு, சூரன் இப்ப மரமாத்தானே நிக்கிறான்? மரத்துக்கு நெருப்பெல்லோ எதிர்? பிறகேன் வேலெடுத்தவர்?” என்றான் பையன்.

முதியவர் சூரனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நெருப்பெண்டால் சாம்பல்தான் மிஞ்சும், மோனை. மயில் எங்கால வாறது?”