ஓய்வு வேளை: கடலோரத்தில் இறகுத் தூண்டில்

விடுமுறை வந்தால் சொந்த ஊருக்குப் புறப்படுவதே நம்மவர் வழக்கம். அது நல்வழக்கமே. ஆயினும் பிழைப்பை நாடி நாம் வந்து சேர்ந்த மாநிலங்களிலும் அழகிய கடற்கரைகள் உள்ளன. பூரி, கோபால்பூர், விசாகப்பட்டினம், கோவா, மும்பை என எங்கு சென்றாலும் மணலில் அமர்ந்து அலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். அங்கே ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே பயிலத்தக்க பொழுதுபோக்கொன்றை இத்திங்கள் அறிமுகம் செய்வோம். அதுவே இறகுத் தூண்டில்.

நம் நாட்டுத் தூண்டிலில் முள்ளில் இறாலோ புழுவோ கோத்து, ஈயக்குண்டின் பாரத்தால் எறிகிறோம். இறகுத் தூண்டிலிலோ இரைக்குப் பாரமே கிடையாது. பாரம் முழுவதும் கயிற்றில் உள்ளது. கோலைப் பின்னும் முன்னும் வீசும்போது அப்பருத்த கயிறு சாட்டைபோல் விரிந்து, நுனியிலுள்ள போலி இரையைச் சுமந்து செல்கிறது. அவ்விரை இறகும் மயிரும் முள்ளில் கட்டிச் செய்யப்படுவது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்ற உரோமானிய ஆசிரியர், மாசிடோனியர் இவ்வாறு ஆற்றில் மீன் பிடித்ததைக் குறித்துள்ளார். நீலகிரி ஓடைகளில் டிரௌட் மீனைக் கொணர்ந்து விட்ட ஆங்கிலேயர் இக்கலையையும் உடன்கொண்டு வந்தனர்.

கடலில் இக்கலை பரவலாக வேரூன்றியது 20ஆம் நூற்றாண்டில்தான். அதற்குப் பெரிதும் உழைத்தோருள் அமெரிக்கரான லெஃப்டி கிரே (1925–2018) ஒருவர். சிறுமீன் நீந்துவதுபோல் தோன்ற அவர் இறகால் கட்டிய ‘டிசீவர்’ என்னும் இரையை, 1991இல் அந்நாட்டு அஞ்சல் துறை தபால்தலையாகவே வெளியிட்டது.

கடலுக்கேற்ற கோல் சுமார் 9 அடி நீளமுடையது. நான்கு துண்டாகக் கழற்றும் கோலை வாங்கினால் இரயிலில் இருக்கையின் அடியில் அடங்கிவிடும். கோலுக்கும் கயிற்றுக்கும் பாரத்தைக் குறிக்கும் எண் உண்டு. கரையோர மீன்களுக்கு 8 அல்லது 9 எண் போதும். கோலின் எண்ணும் கயிற்றின் எண்ணும் ஒத்திருத்தல் வேண்டும். கயிற்றின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத தங்கூசி நரம்பை ஏறத்தாழ 9 அடி இணைப்பர். ஒவ்வொரு நாளும் மாலையில் அனைத்தையும் நன்னீரில் கழுவுதல் வேண்டும். உப்பு உருளையை அரித்துவிடும்.

மீன் எப்போது கரைக்கு வரும்? கடல் ஏறும்போது இறாலையும் பொடிமீனையும் தேடி மேட்டு நீருக்கு வரும். கடல் வற்றும்போது கழிமுகத்தின் வாயில் காத்திருந்து, நீரோட்டம் அடித்து வருவதை உண்ணும். கொடுவா, காலா, பாறை ஆகியவை இவ்வாறு இரை தேடுபவை. கொடுவாவை வங்காளத்தில் பெட்கி என்றும், காலாவை மும்பையில் ராவஸ் என்றும் அழைப்பர். இரையை நீரில் இட்டபின் சிறுமீன் தப்பி ஓடுவதுபோல் விட்டுவிட்டு இழுத்தால் அவை பாய்ந்து கவ்வும்.

இங்கேதான் நம்மவர் மிகுந்த எச்சரிக்கை கொள்ளுதல் வேண்டும். சென்னைக் கரையில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒரு மீட்டரே. அதில் பழகிய கண்ணுக்கு மேற்குக்கரையின் கடல் புலப்படாது. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அவ்வேறுபாடு 4 மீட்டரை எட்டும்; காம்பே வளைகுடாவில் 10 மீட்டரையும் கடக்கும். ஹாஜி அலி தர்காவின் பாதையே ஏற்றத்தில் மூழ்குவதை மும்பை அன்பர்கள் அறிவர். ஒடிசாவின் சாந்திப்பூரிலோ கடல் பல கிலோமீட்டர் உள்வாங்கித் திரும்பும். உலர்ந்த பாறைமேல் நின்று மீனில் கருத்தூன்றியிருப்பவரின் பின்னே நீர் சூழ்ந்து, திரும்பும் வழி அடைபட்டுவிடும். ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆதலால் நேற்றைய நேரம் இன்று பொருந்தாது. ஏற்றவற்ற நேரங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் பேரலை எச்சரிக்கைகளையும் வெளியிடுகிறது. இவற்றைப் பாராமல் கடலில் கால்வைத்தல் கூடாது.

மணற்கரையிலும் இடர் உண்டு. இரு அலைவரிசைகளுக்கு இடையே அமைதியாகத் தோன்றும் நீரே உள்ளிழுக்கும் நீரோட்டமாக இருக்கலாம். அதில் அகப்பட்டோர் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி விலகுதல் வேண்டும். எந்நிலையிலும் முழங்காலுக்கு மேற்பட்ட நீரில் இறங்கவேண்டா. கால்களைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிச் செல்லும். பின்வீச்சில் முள் நம் முதுகுப்புறம் பறப்பதால், குழந்தைகள் அங்கு நில்லாதவாறு ஒருவர் காவல் இருத்தல் வேண்டும். வீசுபவருக்குக் கண்ணாடியும் தொப்பியும் இன்றியமையாதவை. முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால், கையில் ஏறினாலும் எளிதில் எடுக்கலாம். மீனையும் துன்பமின்றி விடலாம்.

விடுவது ஏன்? கொடுவா இளமையில் ஆணாயிருந்து, பெருத்தபின் பெண்ணாக மாறும் இயல்புடையது. ஆகவே பெரிய மீனைக் கொல்வது வருங்காலத்து மீன்கூட்டத்தையே கொல்வதாகும். குழம்புக்கு நடுத்தர மீன் ஒன்றிரண்டு போதும்; ஏனையவற்றை ஈரக்கையால் பற்றி நீரிலேயே விடுவோம். மீனவரின் வலைக்கு அருகில் வீசுதலும் ஆகாது. நமக்கு விளையாட்டாயிருப்பது அவர்க்கு அடுப்பெரியும் வழி. ஆண்டுதோறும் விசைப்படகுகள் 61 நாட்கள் தொழிலை நிறுத்துகின்றன; கீழைக்கரையில் ஏப்ரல் 15 முதலும், மேலைக்கரையில் ஜூன் 1 முதலும். அவர்கள் தம் ஊதியத்தை விடுத்துக் காக்கும் கடலிடத்து, விருந்தினராய்ச் செல்லும் நாமும் அவ்வொழுக்கம் பேணுதல் முறை. அவர்களிடமே இடமும் நேரமும் கேட்டறிக. அவ்வூர்க் கடலை அவர்களினும் நன்கறிந்தார் இலர்.

ஆழமறியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் வாக்கு. குடும்பத்தோடு சென்று குடும்பத்தோடு திரும்புவதே விடுமுறையின் முதற்பயன். மீன் கிடைப்பது அதற்கு அடுத்ததே.