வழக்கு இருந்தவர் வண்டி ஓட்டலாமா?

மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஏற்றி அனுப்பவும், திரும்பும் வண்டியில் அரிசி, பருப்பு, எண்ணெய் ஏற்றி வரவும் நம் கோத்தகிரி வணிகர்கள் டிரைவருக்குப் படும் பாடு சொல்லி மாளாது. சமவெளியில் எத்தனை வருடம் ஓட்டியவரானாலும், குஞ்சப்பனை தாண்டிக் கொண்டை ஊசி வளைவில் லோடு வண்டியை இரண்டாவது கியரில் இறக்கத் தெரியாவிட்டால் அவரால் நமக்குப் பயனில்லை. சீசன் மாதங்களிலோ, ஊட்டியிலிருந்து இறங்கும் சுற்றுலா வண்டிகளையெல்லாம் நம் சாலையில்தான் திருப்பி விடுகிறார்கள். அந்த நெரிசலில் நிதானம் தவறாத ஆள் வேண்டும்.

இந்த நிலையில் வேலை கேட்டு வரும் ஒருவர், "எனக்கு ஒரு கேஸ் இருந்தது, தண்டனை முடித்து வந்திருக்கிறேன்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னால் அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வாயை மூடிக்கொண்டவர் மறுநாளே சாவியை வாங்கிக்கொள்கிறார். உண்மை சொன்னவருக்கு நஷ்டம், மறைத்தவருக்கு லாபம். இப்படி ஒரு தராசை நம் கடையில் வைத்திருந்தால் முத்திரைக்காரர் சும்மா விடுவாரா?

முதலில் "கேஸ்" என்ற சொல்லையே நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருப்பது வேறு, நீதிமன்றத்தில் வழக்கு நடந்து கொண்டிருப்பது வேறு, குற்றம் நிரூபணமாகித் தண்டனை பெற்றது வேறு. கடைத்தெருவில் மூன்றுக்கும் ஒரே பெயர்தான். அதிலும் டிரைவர் தொழிலில் இருப்பவருக்கு வழக்கு என்பது தொழிலோடு ஒட்டிய விஷயம். விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால் முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 304-ஏ பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு. உச்ச தண்டனை 2 ஆண்டாக இருந்தது 5 ஆண்டாகிவிட்டது. விபத்து செய்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை என்ற உட்பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் வடக்கே லாரிகள் நின்றதும், மற்ற பிரிவுகள் ஜூலையில் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டதும் நினைவிருக்கலாம். இருபது வருடம் லாரி ஓட்டியவரிடம் "ஒரு கேஸும் இருக்கக் கூடாது" என்று கேட்பது, இருபது வருடம் கடன் கொடுத்த மளிகைக் கடைக்காரரிடம் "ஒரு வாராக்கடனும் இருக்கக் கூடாது" என்று கேட்பதற்குச் சமம்.

சரி, விபத்து வழக்கு அல்ல, அடிதடி வழக்கு, திருட்டு வழக்கு என்றால்? சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் "சிறை சென்றவருக்கு லைசென்ஸ் இல்லை" என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. 9-வது பிரிவும் 19-வது பிரிவும்தான் இதைப் பற்றிப் பேசுகின்றன. வாடிக்கையாகக் குற்றம் செய்பவர், குடிக்கோ போதைப் பொருளுக்கோ அடிமையானவர், இவர்களுக்கு லைசென்ஸ் மறுக்கலாம், இருப்பதையும் ரத்து செய்யலாம். வண்டியையே குற்றத்துக்குப் பயன்படுத்தியவர், அபாயகரமாக ஓட்டும் சுபாவம் உள்ளவர் என்று தெரிந்தால் கையில் உள்ள லைசென்ஸைப் பறிக்கலாம். அப்போதும் அவர் தரப்பைக் கேட்க வேண்டும், காரணத்தை எழுதித் தர வேண்டும். 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யும் உரிமை அவருக்கு உண்டு. ஆக, ஒரு முறை தவறு செய்து தண்டனை முடித்தவரைச் சட்டம் ஸ்டியரிங்கிலிருந்து விலக்கி வைக்கவில்லை. அது கேட்பதெல்லாம், செய்த குற்றத்துக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்பதைத்தான். அமெரிக்காவிலும் லாரி லைசென்ஸ் விதி இதே போக்கில்தான் இருக்கிறது. லாரியைப் பயன்படுத்திப் பெருங்குற்றம் செய்தவருக்கு முதல் தடவை ஓர் ஆண்டுத் தடை, லாரியில் போதைப் பொருள் கடத்தியவருக்கு ஆயுள் தடை. வண்டிக்குச் சம்பந்தமில்லாத பழைய வழக்குக்கு அந்த விதியில் தடை இல்லை.

1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் என்று ஒன்றும் உண்டு. முதல் முறை தவறியவரை எச்சரித்தோ, நன்னடத்தைப் பிணையிலோ நீதிமன்றம் விடுவித்திருந்தால், அந்தத் தீர்ப்பால் வரும் தகுதிக் குறைவு எதுவும் அவருக்கு இல்லை என்று அதன் 12-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இது பல பேருக்குத் தெரியாது, சம்பந்தப்பட்ட இளைஞர்களுக்கே தெரியாது.

அடுத்து வரும் பயம் இன்சூரன்ஸ். "ஜெயிலுக்குப் போனவன் ஓட்டி ஏதாவது ஆனால் கம்பெனி கையை விரித்துவிடும்" என்று நம்மவர்கள் சொல்கிறார்கள். விபத்தில் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்குத் தர வேண்டிய இழப்பீட்டில் கம்பெனி தப்பித்துக்கொள்ள டிரைவரை வைத்துச் சொல்லக்கூடிய காரணங்களை 150-வது பிரிவு வரிசையாகக் கூறுகிறது: முறையான லைசென்ஸ் இல்லை, தடை செய்யப்பட்ட காலத்தில் ஓட்டினார், குடித்துவிட்டு ஓட்டினார். பழைய தண்டனை என்பது அதில் கிடையாது. உண்மையில் நம்மை மாட்டிவிடுவது, குடும்பத்துப் பையன்தானே என்று லைசென்ஸ் இல்லாதவரிடம் சாவி கொடுப்பதுதான். அதற்கு முதலாளிக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு வருபவரின் லைசென்ஸ் உயிரோடிருக்கிறதா என்பதைப் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிடலாம். இதைச் செய்யாமல் ஊரெல்லாம் அவர் பூர்வீகம் விசாரிப்பதில் என்ன பயன்?

கோவை, புழல், வேலூர் முதலிய ஊர்களில் சிறைத்துறை பெட்ரோல் பங்க் நடத்துகிறது. தண்டனைக் கைதிகளே நின்று டீசல் போடுகிறார்கள், பணம் வாங்கி மீதி தருகிறார்கள். சரக்கு எடுக்கக் கோவை போகும் நம் வண்டிகளும் அங்கே நிற்பதுண்டு. தண்டனை அனுபவித்துக் கொண்டிருப்பவர் கையில் பணத்தைக் கொடுக்கிறோம். தண்டனை முடித்தவர் கையில் சாவியைக் கொடுக்க யோசிக்கிறோம். விசித்திரந்தான்.

அதே கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி. நாட்டுக்காகப் போனவர், அவரோடு யாரையும் ஒப்பிட நாம் வரவில்லை. ஆனால் 1912-ல் விடுதலையான பிறகு கப்பலோட்டிய அந்த வணிகர் பட்ட வறுமைக்குக் காரணம், தண்டனையோடு வக்கீல் சன்னதும் பறிபோனது. வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் பிற்பாடு அது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். சிறை எடுத்துக்கொண்டது சில ஆண்டுகள், தொழில் செய்யும் உரிமை போனது அதற்குப் பிறகும் தொடர்ந்த தண்டனை.

இதற்காக யார் வந்தாலும் சாவியைக் கொடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்றவர் இந்த மலைச்சாலைக்கு வேண்டவே வேண்டாம், இதில் நமக்கு இரக்கம் கிடையாது. காரட் மூட்டைக்கு அடியில் கஞ்சா வைத்துப் பிடிபட்டவரும் அப்படித்தான். போதைப் பொருள் சட்டப்படி வண்டியே பறிமுதலாகும், தமக்குத் தெரியாது என்றும் தக்க முன்னெச்சரிக்கை எடுத்தோம் என்றும் நிரூபிக்கும் பொறுப்பு வண்டிச் சொந்தக்காரர் தலையில் விழும். திருட்டு வழக்கில் போனவரை வண்டி ஓட்ட வைக்கலாம், கடை கடையாக வசூல் செய்யும் லைனுக்கு முதல் வருடம் அனுப்ப வேண்டாம். இப்போது பாதி வசூல் போனிலேயே முடிகிறது, இது பெரிய இடைஞ்சலும் இல்லை. தேயிலைத் தோட்ட எல்லைத் தகராறிலோ, திருவிழாக் கைகலப்பிலோ அடித்துவிட்டுச் சிறை போனவருக்கும் ஸ்டியரிங்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவரை மறுப்பதற்கு நம்மிடம் நியாயமான காரணம் கிடையாது.

ஆரம்பிக்கும் வழியும் முன்பைவிட எளிதாகிவிட்டது. எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2019-ல் எடுத்துவிட்டார்கள். 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு, இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோ மொத்த எடைக்குள் உள்ள சரக்கு வண்டியைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று தீர்ப்பளித்துவிட்டது. நம் கடைகளில் ஓடும் டாடா ஏஸ், பொலிரோ பிக்-அப் எல்லாம் அந்த எடைக்குள்தான். ஆக, எல்.எல்.ஆர். எடுத்து, ஒரு மாதம் கழித்து டெஸ்ட்டில் தேறியவரைச் சின்ன வண்டியில் வைத்துப் பார்க்கலாம். முதலில் கோத்தகிரி டவுனுக்குள் டெலிவரி, பிறகு பழைய டிரைவர் பக்கத்தில் உட்கார மேட்டுப்பாளையம். இலகு ரக லைசென்ஸ் எடுத்து ஓராண்டு கழிந்து, 20 வயதும் நிரம்பியிருந்தால் பெரிய லாரி லைசென்ஸுக்கு அவர் மனுப் போடலாம். அந்த ஓராண்டில் ஆள் எப்படி என்பது நமக்கும் தெரிந்துவிடும்.

எடுப்பதற்கு முன் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கு முடிந்துவிட்டதா, ஜாமீனில் இருக்கிறாரா? நிபந்தனை ஜாமீனில் இருப்பவர் தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கலாம். விடியற்காலை மண்டியில் சரக்கு இறக்கிவிட்டு அந்த நேரத்துக்குள் மலையேறி வர முடியாது. அது முடியும் வரை உள்ளூர் ஓட்டமே சரி. வாய்தா நாளன்று விடுப்புக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் பிடிவாரண்டு வரும், ஆளும் போய்விடுவார், அன்றைய லோடும் நிற்கும்.

நம்மை அதிகம் உறுத்துவது வேறொன்று. வழக்கு இருந்தவர் என்று தெரிந்தே சிலர் எடுக்கிறார்கள், தெரிந்ததை வைத்தே பேட்டாவைக் குறைக்கிறார்கள். ஒரிஜினல் லைசென்ஸை வாங்கி மேஜைக்குள் பூட்டிக்கொள்கிறார்கள். "உன்னை வேறு யார் எடுப்பார்?" என்ற பேச்சு வேறு. மற்ற டிரைவருக்கு என்ன பேட்டாவோ அதையே இவருக்கும் கொடுப்பதுதான் முறை. குறைத்த கூலியை டீசல் டேங்கிலிருந்து எடுத்துக்கொள்ள நாமே வழி காட்டிவிட்டு, பிறகு "பார்த்தீர்களா, புத்தி போகவில்லை" என்று சொல்லக் கூடாது.

அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைக்கும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஊட்டியில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒரு வழக்கறிஞரை அழைத்து லைசென்ஸ், நன்னடத்தைச் சட்டம், இன்சூரன்ஸ் மூன்றையும் பற்றி அரைமணி நேரம் பேசச் சொல்லலாம். சின்ன வண்டியில் ஆள் பழக்கச் சம்மதமுள்ள உறுப்பினர்கள் கூட்டத்துக்கு முன்பே பெயர் கொடுத்தால், அன்றே பேசி முடித்துவிடலாம்.