சீ ரே-யா, பவேரியாவா? அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர் ஒருவர் ஸ்போர்ட்ஸ் குரூஸர் படகு வாங்கப் போகிறார். அவருக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே போடுகிறேன். நீளமான இழை, பொறுமையா படிங்க 👇

சவுத்தாம்ப்டன் பக்கம் வீடு. மனைவி, ரெண்டு பிள்ளைகள். சனிக்கிழமை கிளம்பி ஐல் ஆஃப் வைட் தீவுக்குப் போய், ராத்திரி படகிலேயே தூங்கி, ஞாயிறு திரும்பணும். அவ்வளவுதான் ஆசை. பழைய படகு ரெண்டைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று அமெரிக்க சீ ரே சன்டான்சர், ரெட்டை பெட்ரோல் வி8 இன்ஜின். இன்னொன்று ஜெர்மன் பவேரியா ஸ்போர்ட், ஒற்றை டீசல். சீ ரே விலையும் குறைவு, உள்ளே சோபா, விளக்கு எல்லாம் ஜொலிக்குது. "எதை எடுக்கலாம் டாக்டர்?"

படகு விஷயத்தை டாக்டரிடம் ஏன் கேட்கணும்னு சிரிக்காதீங்க. எது வேகமா போகும்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. உள்ளே தூங்குற பிள்ளை காலையில் எழுந்திருக்குமாங்கிறது என் துறை.

முதலில் இந்த வகைப் படகின் அமைப்பைப் புரிஞ்சுக்கணும். முன்பக்கம் கீழே படுக்கை, கழிப்பறை, குட்டி சமையலறை. பின்பக்கம் திறந்தவெளியில் இருக்கைகள். அந்த இருக்கைகளின் தரைக்கு அடியில்தான் இன்ஜின். கடைசியில், தண்ணீரை ஒட்டி, குளிக்கிறவங்க ஏறி இறங்க ஒரு மேடை. இன்ஜின் புகை பெரும்பாலும் அந்த மேடைக்குக் கீழேதான் வெளியே வரும். குடும்பம் உட்கார்ந்து காபி குடிக்கும் இடத்திலிருந்து ரெண்டு எட்டு தூரம். இங்கிலாந்து மழைக்கு மேலே கேன்வாஸ் கூரையை இழுத்து மூடிட்டா? புகை உள்ளே வர வழி உண்டு, போக வழி இல்லை.

படகு ஓடும்போது இன்னொரு சங்கதி. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் படகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். வெளியே போன புகை அங்கே சுழன்று, திரும்பப் படகுக்குள்ளேயே இழுக்கப்படும். முன்பக்க ஜன்னலையோ கதவையோ திறந்து வைத்தால் காற்று ஊடுருவிப் போகும். குளிருதுன்னு எல்லாத்தையும் மூடினால் புகை உள்ளேயே தங்கும்.

இப்போ கார்பன் மோனாக்சைடுக்கு வருவோம். நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதல் அறிகுறிகள் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி. படகில் இதே அறிகுறிகளுக்கு இன்னொரு பெயரும் இருக்கு: கடல் மயக்கம்! "அலை ஒத்துக்கலை, கீழே போய்க் கொஞ்ச நேரம் படு" என்று பிள்ளையை அனுப்புவோம். அனுப்புற இடம் அந்த மூடிய கேபின். இதைவிட மோசமான ஆலோசனை இருக்க முடியாது.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்பாதீங்க. கொரோனாவுக்கு அப்புறம் எல்லார் வீட்டிலும் ஒண்ணு இருக்கு. சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறியதுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆள் மயங்கிக்கிட்டு இருக்கும்போதும் 98 என்று காட்டும். தண்ணி அமைதியா இருக்கும்போதே ஒன்றுக்கு மேற்பட்டவருக்குத் தலைவலி, அல்லது கரையேறிக் காற்று வாங்கியதும் சரியாகிறது என்றால், அது கடல் மயக்கம் இல்லைன்னு வெச்சுக்கங்க. இன்ஜினை நிறுத்தி, எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, உடனே உதவிக்குக் கூப்பிடுங்க. சிகிச்சை முழு ஆக்சிஜன். சாதாரணக் காற்றில் ரத்தத்திலிருந்து இந்த விஷம் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்.

மிகைப்படுத்துறேன்னு நினைக்காதீங்க. 2013 ஏப்ரலில் வின்டர்மியர் ஏரியில் 'ஆர்னிஸ்டன்' என்ற படகில் ஒரு தாயும் 10 வயது மகளும் இப்படித்தான் இறந்தார்கள். வெளியில் வைத்து ஓட்ட வேண்டிய ஜெனரேட்டரை இன்ஜின் அறைக்குள் வைத்து, புகைக்குழாயைச் சொந்தமா ஒட்டுப்போட்டு மாட்டியிருந்தார்கள். 2016 ஜூனில் நார்ஃபோக்கின் ராக்ஸம் ஊரில், ஆற்றங்கரையில் கட்டியிருந்த 'லவ் ஃபார் லிடியா' படகில் இருவர். கூடவே அவர்களுடைய நாயும். படகு நகரக்கூட இல்லை. பெட்ரோல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, புகை கேன்வாஸுக்குள் புகுந்தது. அலாரம் இல்லை. ரெண்டுமே பேலைனர் படகுகள். உடனே "அப்போ பேலைனர் வேண்டாம்" என்று கிளம்பாதீங்க. கொன்னது பிராண்ட் இல்லை. ஒட்டுப்போட்ட குழாயும் மூடிய கூரையும்.

அதனால்தான் என் முதல் கேள்வி சீ ரே-யா பவேரியாவா இல்லை. பெட்ரோலா, டீசலா?

டீசல் இன்ஜின் தேவைக்கு அதிகமான காற்றோடு எரிக்கும். அதனால் அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு பெட்ரோல் புகையைவிட மிக மிகக் குறைவு. தீப்பிடிக்கும் ஆபத்தும் அப்படித்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் ஸ்டார்ட் பண்ணும் முன் 4 நிமிடம் ப்ளோயரை ஓடவிடச் சொல்கிறார்கள். பிள்ளைகள் "அப்பா போலாம்பா" என்று கத்தும்போது எத்தனை அப்பாக்கள் அந்த 4 நிமிடம் பொறுப்பார்கள்?

பெட்ரோல்காரங்க தரப்பிலும் நியாயம் இருக்கு. சத்தம் குறைவு, அதிர்வு குறைவு, இன்ஜின் எடை குறைவு. பழைய டீசல் பழுதானால் பில் பார்த்து நெஞ்சு வலி வரும். அமெரிக்காவில் 2010-க்குப் பிறகு, இந்த வகை பெட்ரோல் இன்ஜின்களில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வந்துவிட்டது, அவை பழையவற்றைவிட எவ்வளவோ மேல். நண்பர் பார்த்த சீ ரே அதுக்கும் முந்தையது. ராத்திரி தங்காமல், கூரை மூடாமல், பகலில் மட்டும் சுத்துற குடும்பத்துக்கு நானே அதை வேண்டாம்னு சொல்லமாட்டேன். பிள்ளைகளோடு படுத்துத் தூங்க வாங்கும் படகுக்கு, பவேரியா. டீசல்னு அசட்டையாவும் இருக்காதீங்க, டீசல் ஹீட்டரின் புகைக்குழாய் ஓட்டையானாலும் இதே விஷம்தான்.

மத்ததைச் சுருக்கமா சொல்றேன். அடிப்பகுதி ஆழமான 'வி' வடிவில் இருக்கும் படகு அலையை வெட்டிப் போகும், தட்டையானது மேலே விழுந்து அறையும். 25 நாட் வேகத்தில் அந்த அறை நேரா முதுகெலும்புக்கு, மார்பும் இடுப்பும் சேரும் இடத்துக்குப் போகும். ஐம்பது தாண்டியவங்க, எலும்பு தேய்மானம் உள்ளவங்க முன்பக்கம் உட்காரவே வேண்டாம். அடுத்து ஏணி: தண்ணீரில் விழுந்தவர் யார் உதவியும் இல்லாமல் தானே இழுத்து இறக்க முடியணும். ஆங்கிலக் கடலின் குளிரில் விரல்கள் சில நிமிடங்களில் வேலைநிறுத்தம் செய்துவிடும். யாராவது ஏணியில் கால் வைக்கும்போது இன்ஜின் நியூட்ரலில் இருந்தால் போதாது, அணைந்தே இருக்கணும். ப்ரொப்பல்லர் அந்த மேடைக்கு அடியில்தான்.

நண்பருக்கு நான் சொன்ன கடைசி வேலை இது. விற்பனையாளர் முதலில் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டுவார். அதை மூடச் சொல்லி, இன்ஜின் மூடியைத் திறக்கச் சொல்லுங்க. புகைக்குழாயில் துரு, ஒட்டு, கரி படிந்த இணைப்பு இருக்கான்னு ஒரு சர்வேயரை வைத்துப் பாருங்க. சோதனை ஓட்டத்தில் கேன்வாஸ் கூரையைப் போட்டு, மெதுவான வேகத்தில் ஓட்டி, கையில் கார்பன் மோனாக்சைடு மீட்டரோடு கேபினுக்குள் போய் நில்லுங்க. எந்தப் படகை எடுத்தாலும் ஈஎன் 50291-2 முத்திரை உள்ள அலாரம் மாட்டுங்க. அது படகுக்கும் கேரவனுக்கும் உரியது, வீட்டு அலாரத்துக்கு 50291-1. தூங்குற கேபின் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பேட்டரி தீர்ந்து கத்தினால் கழட்டி டிராயரில் போடாதீங்க, புது பேட்டரி போடுங்க.