விழுந்த பட்டம் எழுமா?

தெரிந்து கொள்வோம் – மாசி இதழ்

தை பிறந்துவிட்டால் இந்த அகமதாபாத் நகரத்து மொட்டை மாடிகளில் கால் வைக்க இடமிராது. நாம் பொங்கற்பானையை இறக்கும் நாளும் இவ்வூரார் பட்டம் விடும் உத்தராயணமும் ஒட்டியே வருவதால், நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு கையில் கரும்பும் மறுகையில் நூற்கண்டுமாக நிற்பதைக் காண்கிறோம். சென்ற இதழில் நைலான் மாஞ்சாவைப் பற்றி எழுதினோம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ஆம் ஆண்டிலேயே நாடு முழுவதும் அதற்குத் தடை விதித்திருப்பதை எடுத்துக் காட்டினோம். அதைப் படித்த அன்பர் சிலர், பட்டத்தைப் பற்றி இன்னும் எழுதுமாறு கேட்டனர்.

இத்திங்களும் பட்டத்தைப் பற்றியே எழுதுகிறோம். ஆயின் இது மாடியில் நின்று விடும் காகிதப் பட்டமன்று. மனிதனைப் பலகையின்மேல் நிறுத்திக் கடலிலே இழுத்துச் செல்லும் பெரும் பட்டம். இவ்விளையாட்டுக்குக் கைட் சர்ஃபிங் என்று பெயர். இதைப் பற்றி எழுத நமக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். தகுதி ஏதுமில்லை. ஒரு தவறு செய்தோம்; அதுவே எழுதத் தூண்டிற்று.

மணிநகரில் நம் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. ஆலைத் தொழிலாளியாக இவ்வூருக்கு வந்த தந்தையார் காலமாகிவிட்டார். தாயாரை நாம் அக்கா என்றே அழைப்பது வழக்கம். ஒரே மகன், வயது 24, தொழிற்சாலையில் வேலை. அவர்களுடைய பூர்வீகம் மண்டபத்துக்கு அருகே கடலோரத்துச் சிற்றூர். விடுப்பில் ஊருக்குப் போன தம்பி, இராமேசுவரம் கடற்கரையில் இவ்விளையாட்டைக் கண்டான். பயிற்சிப் பள்ளி ஒன்றிற் சேர்ந்து சில நாள் கற்றுக்கொண்டும் வந்தான்.

அக்கடற்கரை இதற்கு வாய்த்த இடம் என்பதில் ஐயமில்லை. தீவின் வடபுறம் பாக் நீரிணை, தென்புறம் மன்னார் வளைகுடா. குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று. கோடையில் தென்மேற்குக் காற்று. இரண்டும் ஓயாது ஒரே சீராக வீசுவன. பல இடங்களில் நீர் ஆழமின்றி ஏரிபோலக் கிடக்கும்.

திரும்பி வந்த தம்பிக்குச் சொந்தமாக ஒரு பட்டம் வாங்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது. புதிதாயின் இலட்ச ரூபாயைத் தாண்டும். எனவே பழையது தேடினான். இந்நகரத்திலேயே ஒருவர் இரண்டு பட்டங்களை ஏறக்குறைய ஒரே விலைக்கு விற்க முன்வந்தார். ஒன்று காற்றடைக்கும் பட்டம். ஆங்காங்கே ஒட்டுப் போட்டது. மற்றொன்று ஃபாயில் பட்டம். மணல்வெளியில் சக்கர வண்டியை இழுக்கப் பயன்பட்டது. பார்க்கப் புத்தம் புதிதாயிருந்தது.

எதை வாங்குவது என்று கேட்டு, தம்பி இரண்டையும் நம்மிடம் தூக்கி வந்தான். "மாமா, நீங்கள் பார்சல் ஆபீசில் இருக்கிறீர்கள். இரயிலில் கொண்டுபோக எது தோது என்று சொல்லுங்கள்" என்றான். உடன் வந்த அக்கா, "நீ சொன்னால்தான் கேட்பான் தம்பி" என்றார்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மூட்டைகளை நிறுத்து எழுதியே காலம் கழிப்பவர்களாகிய நமக்கு எடையும் அளவும்தானே தெரியும்? ஃபாயில் பட்டம் பையோடு 4 கிலோ. மற்றது பம்புடன் சேர்ந்து 7 கிலோ. படுக்கை வசதி வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டு செல்லலாம். ஆயினும் பெட்டிக்குள் வைக்கும் சாமான் 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். பலகையோ ஒரு மீட்டருக்கு மேற்பட்டது. அதைப் பிரேக் வேனுக்கு அனுப்பியே ஆக வேண்டும். பட்டமாவது சுருங்கி மடியட்டுமே என்று எண்ணினோம். "ஒட்டுப் போட்டது எதற்கு? இதையே வாங்கு" என்று ஃபாயில் பட்டத்தைக் காட்டினோம். நாம் சொன்னபடியே வாங்கினான்.

ஆனி மாதத்தில் நாமும் விடுப்பெடுத்து அவனுடன் ஊருக்குச் சென்றோம். தென்கரையில் காற்று கடலிலிருந்து கரையை நோக்கிச் சாய்வாக வீசிக்கொண்டிருந்தது. தம்பி இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கினான். பட்டம் எழுந்த அழகைச் சொல்லி முடியாது. பருந்து வட்டமிடுவதுபோல் ஓசையின்றி ஏறிற்று. நம் தேர்வை நாமே மெச்சிக்கொண்டோம்.

பிறகு காற்று ஒரு கணம் தளர்ந்தது. பட்டம் நீரில் விழுந்தது. விழுந்த பட்டம் எழவில்லை. அதன் வாயெல்லாம் நீர் புகுந்து, நனைந்த கோணிச் சாக்குபோல் கனத்துக் கிடந்தது. கயிறுகள் தம்பியின் காலைச் சுற்றிக்கொண்டன. அடுத்த வேகக் காற்றில் துணியின் ஒரு பாதி மட்டும் மேலெழும்பிப் புடைத்து அவனை இழுக்க, அவன் நீருக்குள் சாய்ந்தான். கரையிலிருந்த மீனவர் இருவர் ஓடிச் சென்று கத்தியால் கயிற்றை அறுத்து அவனைத் தூக்கி வந்தனர். இடுப்பளவு நீராயிருந்தமையால் பிழைத்தான். முழங்காலுக்குக் கீழே கயிறு அறுத்த தழும்பு இன்றும் இருக்கிறது.

அங்கிருந்த பயிற்சியாளர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எப்படிப் பறக்கும் என்று பார்த்து வாங்கினீர்களா அண்ணே? விழுந்தால் எழுமா என்று கேட்டு வாங்கினீர்களா?"

அன்று முதல் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இனிச் சொல்வோம்.

ஃபாயில் பட்டத்துக்குச் சட்டமோ குழாயோ கிடையாது. மேலும் கீழுமாக இரண்டு துணிகள். இடையே துணித் தடுப்புகளால் ஆன அறைகள். முன்வாயில் வழியாகக் காற்றுப் புகுந்து அறைகளை நிரப்ப, துணியே விமானத்தின் இறக்கை வடிவத்தை அடைகிறது. 1964-ஆம் ஆண்டில் இம்முறையைக் கண்டவர் அமெரிக்காவில் வாழ்ந்த டொமினா ஜால்பெர்ட். இன்று வானிலிருந்து குதிப்போர் பயன்படுத்தும் செவ்வகப் பாரசூட்டும் இதே வகையைச் சேர்ந்ததே. ஆகவே இது பிறவியிலேயே வானத்துக்குரியது, நீருக்குரியதன்று. பலகையின் அடியில் பொருத்தும் நீர்ச் சிறகையும் ஃபாயில் என்பார்கள். அது வேறு, இது வேறு.

காற்றடைக்கும் பட்டத்தின் கதை இதற்கு மாறானது. பிரான்சு நாட்டின் பிரிட்டனிக் கடற்கரையைச் சேர்ந்த புரூனோ லெகேன்யூ, டொமினிக் லெகேன்யூ என்ற சகோதரர்கள், நீரில் விழுந்தால் தானே மீண்டும் எழக்கூடிய பட்டம் வேண்டுமென்று முயன்று, 1984-இல் தம் அமைப்புக்குக் காப்புரிமை கோரினர். அது கடைக்கு வந்தது 1997-இல்தான். அதன் முன்விளிம்பில் தடித்த குழாய் ஒன்று. அதிலிருந்து விலா எலும்புகள்போல் சிறு குழாய்கள். உள்ளே சைக்கிள் டியூப் போன்ற பை. பம்பினால் அடித்துக் கெட்டியாக்கிவிட்டால், நீரில் விழுந்தாலும் தெப்பம்போல் மிதக்கும். பிடிகோலின் ஒரு புறத்துக் கயிற்றை இழுத்தால் மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து, காற்றைப் பிடித்து எழுந்துவிடும். ஏதேனும் முறிந்து, எழ முடியாமற் போனாலும், கயிற்றைப் பிடிகோலில் சுற்றிக்கொண்டே பட்டத்தை அடைந்து, அதைப் பற்றிக்கொண்டு மிதக்கலாம். அதாவது, காற்றடைக்கும் பட்டம் பழுதுபட்டாலும் படகாகும்.

அப்படியானால் ஃபாயில் பட்டம் வேண்டாத பொருளா? அவ்வாறு சொல்வது நியாயமன்று. அதிலும் இரண்டு வகை உண்டு என்பதை நாம் அன்று அறியோம். வாய் திறந்தே இருக்கும் வகை மணலுக்கும் பனிவெளிக்கும் உரியது. நாம் வாங்கச் சொன்னது அதுவே. வாயில் ஒருவழி அடைப்பு வைத்த வகை வேறு. உட்புகுந்த காற்று எளிதில் வெளியேறாது. இது விழுந்தால் பின்கயிறுகளை இழுத்து எழுப்பலாம். ஆயினும் நெடுநேரம் கிடந்தால் நீர் கசிந்து கனக்கும். அலை புரட்டிவிட்டால், பட்டத்தின் அடியிற் பிரிந்து செல்லும் பல சூத்திரக் கயிறுகள் சிக்கலாகிவிடும்.

அதன் சிறப்பு மென்காற்றில்தான். குழாயின் கனமில்லை, இறக்கை வடிவம் நேர்த்தியானது, மற்றவை எழாத காற்றிலும் இது எழும். 2024-ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கின் கடற்போட்டிகள் மார்சேய் நகரில் நடந்தபோது, பட்டப் போட்டி முதன்முறையாக அதில் இடம்பெற்றது. வீரர்கள் பயன்படுத்தியவை ஃபாயில் பட்டங்களே. ஆடவரில் ஆஸ்திரியாவின் வாலன்டின் போன்டுஸும், மகளிரில் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிட்ஜும் தங்கம் வென்றனர். சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர் என்ற 17 வயதுச் சிறுவன் வெண்கலம் வென்றான். அப்பட்டம் தேர்ந்த கைகளுக்கு உரியது. அங்கே வீரர்களைச் சூழ்ந்து காவற்படகுகளும் நிற்கும். நம் தம்பிக்கு நின்றவர்கள் இரண்டு மீனவர்கள்.

இனி வாங்க எண்ணும் வீட்டார்க்குச் சுருக்கமாகச் சில சொற்கள்.

முதலாவது, கற்பவனுக்குக் காற்றடைக்கும் பட்டமே ஏற்றது. பயிற்சிப் பள்ளிகள் பெரும்பாலும் அதையே கையாள்கின்றன. அலையுள்ள கடலுக்கும் அதுவே தகும். நன்கு கற்றபின், அமைதியான நீரில், மென்காற்று நாட்களுக்கென ஒருவன் அடைப்பு வைத்த ஃபாயில் பட்டம் வாங்குவானாயின் தடுக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, ஒட்டைக் கண்டு அஞ்ச வேண்டாம். உட்பையில் விழுந்த ஓட்டையைச் சைக்கிள் டியூப்பைப்போல ஒட்டிச் சரிசெய்யலாம். கெட்டியாகக் காற்றடித்து, சில மணி நேரம் வைத்துப் பாருங்கள். இறங்காவிட்டால் பை நல்லது. குழாயின் தையலையும் துணியின் நைவையும் பாருங்கள். ஃபாயிலாயின் ஒவ்வோர் அறையையும் ஒவ்வொரு சூத்திரக் கயிற்றையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பட்டத்தோடு அவசர விடுவிப்புக் கொக்கி இருக்கிறதா, ஒரே தள்ளில் விடுபடுகிறதா என்று கரையிலேயே சோதிக்க வேண்டும். மிதவைச் சட்டை, தலைக்கவசம், கயிறறுக்கும் கத்தி இம்மூன்றின் விலையையும் பட்டத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிடுக.

நான்காவது, காற்றை மதிக்க வேண்டும். காற்றின் வேகம் இருமடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும். 1914-இல் திறக்கப்பட்டு 2022 வரை வண்டி ஓடிய பழைய பாம்பன் பாலத்தில், காற்று மணிக்கு 58 கி.மீ.-ஐத் தாண்டினால் வண்டிக்குச் சிவப்பு விளக்கு விழும். நூற்றுக்கணக்கான டன் கனமுள்ள இரயிலே காற்றுக்குக் காத்து நின்ற ஊர் அது. துணியும் கயிறும் கொண்ட மனிதன் காத்து நிற்பதில் வெட்கமென்ன? கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் இடத்தில் ஒருபோதும் இறங்கலாகாது.

அன்றிரவு அக்காவின் வீட்டிற் சாப்பிட்டோம். அவர் நம்மை ஒரு சொல்லும் ஏசவில்லை. சோறு பரிமாறிக்கொண்டே, "உனக்குத் தெரியும் என்று நினைத்தேன் தம்பி" என்றார். அதற்கு மேல் நமக்குச் சோறு இறங்கவில்லை. வெளியூரில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு வீட்டுக்கு மற்றொரு வீடுதானே துணை? அரசாங்க வேலையில் இருக்கிறான் என்பதற்காகவே பள்ளிக்கூடம் முதல் மருத்துவம் வரை நம்மிடம் கேட்கிறார்கள். கேட்டவுடன் பதில் சொல்வது கௌரவம் என்று நாமும் எண்ணிவிடுகிறோம். எடையைக் கேட்டவனுக்கு எடையை மட்டும் சொல்லி, "மற்றது எனக்குத் தெரியாது, கடலறிந்தவரைக் கேள்" என்றிருந்தால் போதுமே.

தம்பி அந்த ஃபாயில் பட்டத்தை, மணல்வெளிக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தே விற்றான். சிறிது பணம் நட்டம். அதில் பாதியை நாம் ஏற்றுக்கொண்டோம். ஒட்டுப் போட்ட மற்றப் பட்டம் விலைபோகாமலே இருந்தது. அதை வாங்கி, பயிற்சியாளர் பார்த்துச் சரியென்ற பிறகு, இந்தப் பொங்கல் விடுப்பில் வடகரையிற் கடலில் இறக்கினான். நாம் கரையில் நின்று பார்த்தோம். அரை மணி நேரத்தில் மூன்று முறை விழுந்தது. மூன்று முறையும் எழுந்தது. உடன் வந்திருந்த அக்கா நான்காம் முறை விழும்வரை நிற்கவில்லை. உலை வைக்க வேண்டுமென்று வீட்டுக்குப் போய்விட்டார்.